ஒன்று முதல் ஒன்பது வரை

வகுப்பில் கடைசி ரேங்க் வாங்குகிற பையனுக்கு ஒரு சலுகை. அடுத்த வருஷம் வரப்போகிற வாத்தியார்களில் யார் தனக்குப் பாடம் எடுக்கவேண்டும் என்று முதலில் அவன்தான் தேர்ந்தெடுப்பான். முதல் ரேங்க் பையன் எல்லாருக்கும் பின்னால் வரிசையில் நின்று, மிச்சம் மீதி இருப்பவரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

எந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படியொரு சட்டம் கிடையாது. ஆனால் அமெரிக்கக் கால்பந்தில் உண்டு.

காலால் உதைக்கிற நம் ஊர்க் கால்பந்து அல்ல. தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், கையில் முட்டை வடிவப் பந்து என்று யுத்தத்துக்குப் போகிற மாதிரி போவார்களே, அது. என்.எஃப்.எல். என்பது அதன் தலைமை அமைப்பு. கல்லூரி முடித்து வருகிற புதுப் பையன்களை அணிகள் வருஷா வருஷம் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு போடுகிற அந்த வைபவத்துக்கு டிராஃப்ட் என்று பெயர். நம் ஐ.பி.எல். போல ஏலமெல்லாம் இல்லை. முந்தைய சீசனில் யார் மகா மோசமாகத் தோற்றார்களோ, அவர்களுக்கு முதல் வாய்ப்பு. கோப்பை வென்றவர்களுக்குக் கடைசி வாய்ப்பு.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம், பெர்ட் பெல் என்கிற மனிதருக்கு ஏற்பட்ட வயிற்றெரிச்சல்.

பெல், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் முதலாளி. 1935ல் அவரது அணி 11 ஆட்டங்கள் ஆடி, ஜெயித்தது இரண்டே இரண்டு. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் காசுள்ள, ஜெயிக்கிற அணிகளுக்குப் போனார்கள். ஜெயிக்கிற அணிக்கு மேலும் காசு, மேலும் நல்ல ஆட்டக்காரர்கள். தோற்கிறவன் தோற்றுக்கொண்டே இருக்கவேண்டியதுதான். மின்னசோட்டாவில் ஸ்டான் கோஸ்ட்கா என்றொரு கல்லூரி ஆட்டக்காரரைப் பிடிக்க பெல் என்னவெல்லாமோ செய்து பார்த்தார். ம்ஹும். பையன் வேறு அணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மற்ற முதலாளிகளைக் கூப்பிட்டு பெல் ஒரு யோசனை சொன்னார். ஒரு சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியில்தான் இருக்கிறது. கடைசியில் இருப்பவனைக் கொஞ்சம் தூக்கிவிட்டால்தான் எல்லாருக்கும் டிக்கெட் விற்கும் என்கிற ரீதியில் அவரது வாதம் போனது. 1935 மே மாதம் அது ஏகமனதாக நிறைவேறியது.

1936 பிப்ரவரி 8ம் தேதி, ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டல் அறை. கரும்பலகையில் சுமார் 90 பெயர்கள். ஒன்பது அணிகள், ஒன்பது சுற்றுகள், மொத்தம் 81 பேர். கடைசியில் இருந்ததால் முதல் வாய்ப்பு பெல்லுக்கே. சிகாகோ பல்கலைக்கழகத்து ஜே பெர்வாங்கரை எடுத்தார். நாட்டிலேயே சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று முந்தைய வருஷம் பரிசு வாங்கியவர்.

என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. கேட்ட சம்பளம் படியவில்லை. ஜே பெர்வாங்கர் ஒரு ரப்பர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். ஒரே ஒரு ஆட்டம்கூட என்.எஃப்.எல்லில் ஆடவில்லை. வரலாற்றின் முதல் தேர்வே இந்த லட்சணம்.

இங்கே கவனிக்கவேண்டிய விஷயம் வேறு. அந்த 90 பேர் எப்படிக் கரும்பலகைக்கு வந்தார்கள்? பேப்பரில் படித்தது, நண்பர்கள் சொன்னது, எங்கோ கேள்விப்பட்டது. அவ்வளவுதான். பையன்களை நேரில் போய்ப் பார்த்து மதிப்பிடுவதற்கென்று முழுநேர ஆள் யாரும் எந்த அணியிலும் அப்போது கிடையாது. தோற்றவனுக்கு முதல் வாய்ப்புக் கொடுத்தாயிற்று. சரி, அவனுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியவேண்டாமா?

இந்தக் கேள்விக்கு வித்தியாசமாக ஒரு விடை தேடியவர் டெக்ஸ் ஷ்ராம். 1960ல் புதிதாகப் பிறந்த டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் மேலாளர். முதல் சீசனில் அந்த அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பதினொன்றில் தோல்வி, ஒன்றில் சமன். அதே 1960ல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸில், ஐ.பி.எம். கம்ப்யூட்டர்கள் போட்டி முடிவுகளைக் கணக்குப் போட்டுத் தள்ளியதை ஷ்ராம் பார்த்திருந்தார். பனிச்சறுக்கு ஆடுபவனைக் கணக்குப் போட முடிகிற மெஷினால், பந்து ஆடுபவனைக் கணக்குப் போட முடியாதா?

ஐ.பி.எம்மின் கிளை நிறுவனம் ஒன்று இந்த வேலைக்கு ஓர் ஆளை அனுப்பியது. புள்ளியியல் நிபுணர். பெயர் சலாம் குரேஷி. ஆம், இந்தியர். அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி அவருக்கு அட்சரம் தெரியாது. ஷ்ராமுக்கோ கம்ப்யூட்டர் என்றால் அட்சரம் தெரியாது. போதாக்குறைக்கு இவரது இந்திய இங்கிலீஷும் அவர்களது டெக்சாஸ் இங்கிலீஷும். வேடிக்கையான கூட்டணிதான். ஆனால் தெரியாதவன் கேட்கிற கேள்விக்கு ஒரு மரியாதை உண்டு.

குரேஷி கேட்டது இதுதான். நல்ல ஆட்டக்காரன், நல்ல ஆட்டக்காரன் என்கிறீர்களே, அப்படியென்றால் என்ன?

உயரம், எடை, வேகம். இதெல்லாம் அளந்துவிடலாம். மற்றது? ஒருவர் 'துடிப்பானவன்' என்றார். இன்னொருவர் 'சுறுசுறுப்பு' என்றார். மூன்றாமவர் 'நெஞ்சுரம்' என்றார். ஒரே வார்த்தையை ஆளுக்கொரு அர்த்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பட்டியல் போட்டுப் பார்த்தால் சுமார் 300 குணங்கள் வந்தன. குரேஷி வடிகட்ட ஆரம்பித்தார். கடைசியில், அளவுகோல் வைத்து அளக்க முடியாத குணங்கள் ஐந்து மிஞ்சின. நடத்தை, உடம்பை வளைத்துத் திருப்புகிற லாகவம், போட்டி மனப்பான்மை, புத்திக்கூர்மை, வெடித்துக் கிளம்புகிற பலம்.

ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை மார்க். 'இந்த வர்ணனை இவனுக்கு அப்படியே பொருந்தும்' என்றால் ஒன்பது. துளியும் பொருந்தாது என்றால் ஒன்று. பையன்களைப் பார்க்கப் போகிறவர்கள் இனிமேல் கட்டுரை எழுதவேண்டாம், நம்பர் போட்டால் போதும். செலவு தாளாது என்பதால் டல்லாஸ் இன்னும் சில அணிகளையும் சேர்த்துக்கொண்டு இதைச் செய்தது.

கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. மனுஷனைப் போய் மெஷின் எடை போடுமா?

1969ல் ஒரு சம்பவம் நடந்தது. கம்ப்யூட்டர், கால்வின் ஹில் என்கிற பெயரை உச்சியில் வைத்தது. பையன் படித்தது யேல் பல்கலைக்கழகத்தில். வக்கீல்களையும் ஜனாதிபதிகளையும் தயாரிக்கிற இடம் அது. அங்கிருந்து ஒரு முரட்டு ஆட்டக்காரனா? டல்லாஸ்காரர்களுக்கே நம்பிக்கை வரவில்லை. கடைசியில், சரி, மெஷின் சொன்னால் சொன்னதுதான் என்று 24வது இடத்தில் எடுத்தார்கள். அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் என்கிற விருதை அவர்தான் வாங்கினார். 1966 தொடங்கி 1985 வரை, தொடர்ந்து 20 சீசன்களில் தோல்வியைவிட வெற்றிகள் அதிகம் என்கிற நிலையை டல்லாஸ் தக்கவைத்துக்கொண்டது.

இதே காலகட்டத்தில், அமெரிக்காவின் இன்னொரு மூலையில் சத்தமில்லாமல் இன்னொரு காரியம் நடந்தது. ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியில் சின்னதாகப் பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக் என்பவர், 1962ல் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் நண்பர்களுடன் உட்கார்ந்து ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்குக் கொஞ்சம் பேராகக் காகிதத்தில் பங்கு போட்டுக்கொள்ளவேண்டியது. மைதானத்தில் அவர்கள் அடிக்கிற ஸ்கோருக்கு ஏற்ப இங்கே நமக்குப் புள்ளிகள். 1963ல் முதல் சீசன் ஆரம்பித்தது. பேன்டஸி ஃபுட்பால் என்று இன்று கோடிக்கணக்கானவர்கள் ஆடுவது இதன் வம்சாவளிதான்.

அதிலிருந்து ஒரு படி மேலே போனவைதான் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிற கற்பனை லீக்குகள். அணிகள் பொய். ஆட்டம் பொய். வருஷா வருஷம் கல்லூரியிலிருந்து வருகிற புதுமுகங்களும் பொய். மெஷினே பேர் வைத்து, ஊர் வைத்து, உயரம் எடை போட்டு உற்பத்தி செய்துவிடும். நாம் ராத்திரி கண்விழித்து, எவனை எடுக்கலாம் என்று அலசலாம். வேகம் பிரமாதம், ஆனால் அனுபவம் இல்லை. கை பலம் உண்டு, குறி தவறுகிறது. கிட்டத்தட்ட நிஜம் மாதிரியே.

ஆனால், ஒரே ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதுதான் முக்கியமானது.

பொதுவாக, கற்பனை லீக்கில் அந்தப் பையனுடைய நிஜ மதிப்பு ஏற்கெனவே மெஷினுக்குள் எழுதப்பட்டிருக்கும். நமக்குத் தெரியாமல் ஒளித்துவைத்திருப்பார்கள். ஆனால் இருக்கும். உங்கள் வேலை அதைக் கண்டுபிடிப்பது. நிஜ வாழ்க்கையில் 21 வயதுப் பையனுக்குள் அப்படி எந்த நம்பரும் கிடையாது. அவனுக்கு வாய்க்கிற கோச் யார், பக்கத்தில் ஆடுகிறவன் யார், முழங்கால் தாங்குமா, முதல் தோல்விக்குப் பிறகு தூங்குவானா? எல்லாம் சேர்ந்து இனிமேல்தான் எழுதவேண்டும். இல்லாத நம்பரைத் தேடுவதுதான் நிஜ டிராஃப்ட்.

குரேஷியின் மெஷினுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. யாராவது போய்ப் பார்த்து மார்க் போட்டால்தான் அதற்குச் சாப்பாடு. போய்ப் பார்க்காத இடங்கள்?

என்.எஃப்.எல்லில் 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பு ஆட்டக்காரர்கூடக் கிடையாது. பிறகு கதவு திறந்தது. ஆனால் தெற்கே கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த கல்லூரிகளின் பக்கம் பல அணிகள் சரியாகத் தலைவைத்துப் படுக்கவில்லை. பிட்ஸ்பர்க் கூரியர் என்கிற கறுப்பினப் பத்திரிகையில் விளையாட்டுப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பில் நன். அந்தக் கல்லூரிகளில் யார் யார் சிறந்தவர்கள் என்று வருஷா வருஷம் பட்டியல் வெளியிடுவார். உள்ளூர் அணியான ஸ்டீலர்ஸோ அதைக் கண்டுகொள்வதே இல்லை. அவருக்குக் கடுப்பு. அது அணியின் முதலாளி குடும்பத்து டான் ரூனியின் காதுக்குப் போக, சரி, நீங்களே வந்து தேர்ந்தெடுத்துக் கொடுங்களேன் என்று கூப்பிட்டுவிட்டார்.

அலபாமா ஏ அண்டு எம் என்று ஒரு கல்லூரி. ஜான் ஸ்டால்வர்த் என்று ஒரு பையன். பல அணிகளின் ஆட்கள் ஒன்றாகப் போய் அவனை ஓடவிட்டுப் பார்த்தார்கள். தரை ஈரம். பையன் ஓடிய நேரம் சுமார். எல்லாரும் குறித்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். பில் நன் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தங்கிவிட்டார். மறுநாள் காய்ந்த தரையில் மறுபடி ஓடச் சொன்னார். நேரம் வேறு மாதிரி வந்தது.

விஷயத்தை வெளியே மூச்சு விடவில்லை. 1974 டிராஃப்டில் நான்காவது சுற்று வரை காத்திருந்து, 82வது ஆளாக ஸ்டால்வர்த்தை எடுத்தார்கள். அதே டிராஃப்டில் லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், மைக் வெப்ஸ்டர். நான்கு பேரும் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார்கள். டல்லாஸ் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. அந்த வருஷம் முதல் ஆளாக அவர்கள் எடுத்த எட் ஜோன்ஸும் ஒரு கறுப்பினக் கல்லூரியிலிருந்து வந்தவர்தான், பெரிய ஆட்டக்காரர்தான்.

ஆனாலும் 1976 ஜனவரி சூப்பர் பௌலில் இரண்டு அணிகளும் மோதியபோது 21-17 என்று ஸ்டீலர்ஸ் ஜெயித்தது. ஆட்ட நாயகன் ஸ்வான். 1979 ஜனவரியில் மறுபடி மோதினார்கள். 35-31. மறுபடி ஸ்டீலர்ஸ். இரண்டு டச்டவுன் அடித்தவர், ஈரத் தரையில் சுமாராக ஓடிய ஸ்டால்வர்த்.

மெஷின் தோற்றது, மனிதன் ஜெயித்தான் என்று முடித்துவிட ஆசையாக இருக்கும். அவ்வளவு சுலபமில்லை. பில் நன் செய்ததும் அளப்பதுதான். ஒருமுறை அளந்ததோடு நிறுத்திக்கொள்ளாமல் மறுபடி அளந்தார். அவ்வளவே.

பிறகு அளக்கிற வேலையே ஒரு திருவிழாவாகிவிட்டது. 1982 முதல் வருஷாந்திர உடல் தகுதிச் சோதனை. நாற்பது கஜ ஓட்டம், தாவல், பளு, 12 நிமிஷத்தில் 50 கேள்விக்குப் பதில் சொல்கிற புத்திப் பரீட்சை. அந்தப் பரீட்சையை 2022ல்தான் தூக்கினார்கள். 2000ம் ஆண்டு இதே சோதனையில் ஒல்லியான பையன் ஒருவன் நாற்பது கஜத்தை 5.28 விநாடியில் ஓடினான். ஆமை வேகம். 198 பேரை எடுத்து முடித்தபிறகு, 199வதாக அவனை எடுத்தார்கள். பெயர் டாம் பிராடி. ஏழு சூப்பர் பௌல் கோப்பைகள் வாங்கினார். வேறு எந்த ஆட்டக்காரரும் அத்தனை வாங்கியதில்லை.

கேட் மேஸி, ரிச்சர்ட் தேலர் என்று இரண்டு பேராசிரியர்கள் டிராஃப்ட் கணக்குகளையெல்லாம் குடைந்து பார்த்தார்கள். தேலர் 2017ல் நோபல் பரிசு வாங்கியவர். ஒரே வகை ஆட்டக்காரர்களில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரை ஒப்பிட்டால், முன்னால் எடுக்கப்பட்டவர் பின்னவரைவிட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு 52 சதவீதம். காசைச் சுண்டிவிட்டால் 50 சதவீதம்! இத்தனை பேர், இத்தனை கம்ப்யூட்டர், இத்தனை விமான டிக்கெட், எல்லாம் அந்த இரண்டு சதவீதத்துக்கு.

டிராஃப்டில் கடைசி ஆளாக எடுக்கப்படுகிறவருக்கு 1976 முதல் ஒரு பட்டம் கொடுக்கிறார்கள். மிஸ்டர் இர்ரெலவன்ட். அதாவது, இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பவர். 2022ல் அந்தப் பட்டம் 262வதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டிக்குப் போனது. 2024 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்காக சூப்பர் பௌலில் பந்து வீசியவர் அவர்தான். கூடுதல் நேரம் வரை இழுத்துப் போய், மூன்று புள்ளியில் தோற்றார். 2025ல் அதே அணி அவரோடு மறுபடி ஒப்பந்தம் போட்டது. ஐந்து வருஷம், இருபத்தாறரைக் கோடி டாலர்.