மருத்துவப் படிப்புக்கான பரிந்துரைக் கடிதம்

மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவரின் படிப்பையும் குணத்தையும் நேரில் அறிந்த ஒருவர் கல்லூரிக்கு எழுதித் தரும் கடிதம் பரிந்துரைக் கடிதம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விண்ணப்பத்தோடு இது கட்டாயம். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு இது கிடையாது. 2017 முதல் நீட் மதிப்பெண்ணும் இடஒதுக்கீடுமே இடத்தைத் தீர்மானிக்கின்றன.

முன்பு இங்கே நேர்முகத் தேர்வு இருந்தது. 1970-71 சேர்க்கையில் அதற்கு 75 மதிப்பெண். அது நடந்த விதத்தைப் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் குறைகூறியது. 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. ‘சிபாரிசு’ என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஊரில் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வழக்கம் வேறு. அங்கே சில இடங்களுக்குத் திருச்சபைகளும் மிஷன் மருத்துவமனைகளும் மாணவரை முன்மொழிகின்றன. படிப்பு முடிந்தபின் முன்மொழிந்த சபையின் மருத்துவமனையில் 2 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். பரிந்துரைத்தவருக்கும் அந்த மருத்துவரிடம் ஓர் உரிமை இருப்பதால் கடிதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. நீட் தேர்ச்சி இவர்களுக்கும் அவசியம்.

திருப்பூர்–பல்லடம் சாலையில் கரைப்புதூர் ஊராட்சியிலுள்ள அருள்புரத்தில், சாயப்பட்டறைக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குக் கடிதத்தைவிடப் பெரிய தாள் படிப்புச் சான்றிதழ். 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்து, அதன்பின் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இது பொருந்தும். மற்றவர்களுக்கு, ஆர்டர் நன்றாக ஓடிய வருடத்தில் ஆசையாக மெட்ரிக் பள்ளியில் சேர்த்த ஒரே ஆண்டுகூட வாய்ப்பைப் பறித்துவிடும்.

பிழைப்புக்காக இங்கு வந்த குடும்பங்களில் பிள்ளையின் பள்ளிகள் பல ஊர்களில் கிடக்கும். ஆறும் ஏழும் தேனிப் பக்கத்துக் கிராமத்தில், எட்டு முதல் பத்து பல்லடத்தில், மேல்நிலை திருப்பூரில் என்று வைத்துக்கொள்வோம். எந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தார் என்று அந்தந்தப் பள்ளிப் பதிவேட்டைப் பார்த்துத்தான் சான்றளிக்க முடியும். கவுன்சிலிங் அறிவிப்பு வந்தபின், செக்கிங் வேலைக்குப் போகும் அம்மா, சம்பளம் போனாலும் போகட்டும் என்று இரவு பஸ் ஏறுகிறார். பழைய பள்ளியில் தலைமையாசிரியர் மாறியிருப்பார். பதிவேடு அதே பீரோவில் இருக்கும். டி.சி. வாங்கும் நாளிலேயே படிப்புச் சான்றையும் கேட்டு வாங்கி வைத்தால் இந்த அலைச்சல் குறையும். கம்பெனி முதலாளியின் கடிதமோ கவுன்சிலரின் கடிதமோ இங்கே எதற்கும் ஆகாது. 2022இல் 100 இடங்களோடு தொடங்கிய திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் இதே நடைமுறைதான்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறவருக்கே ‘யாரிடம் கேட்பது’ என்ற கேள்வி உண்மையாக எழுகிறது. பிரிட்டனில் யூகாஸ் என்ற பொதுச் சேர்க்கை அமைப்பின் விண்ணப்பத்துக்கு ஒரே பரிந்துரை. பெரும்பாலும் பள்ளி ஆசிரியர் எழுதுவார், உறவினரும் நண்பரும் எழுதக்கூடாது. அமெரிக்கக் கல்லூரிகள் பல, அறிவியல் பாடம் நடத்திய பேராசிரியரின் கடிதத்தைக் கேட்கின்றன. இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து அங்கு மேற்பயிற்சிக்குப் போகிறவர், ஒவ்வொரு பயிற்சியிடத்துக்கும் 4 கடிதங்கள் வரை அனுப்பலாம். நோயாளிகளிடையே விண்ணப்பதாரரின் வேலையைப் பார்த்த மருத்துவரின் கடிதமே அதில் எடுபடும். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை மாணவர் விட்டுக்கொடுப்பது அங்குள்ள வழக்கம்.

பதவி பார்த்து ஆளைத் தேடுவது நம்மிடையே பரவலான தவறு. தாளாளர் எழுதும் “ஒழுக்கமான, திறமையான மாணவி” என்ற வரி எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும். “டைட்ரேஷன் அளவு ஒத்துவராதபோது, பக்கத்து மேசைக் கணக்கைப் பார்க்காமல் பியூரெட்டைக் கழுவி மூன்றாம் முறை தொடங்கினாள், அவள் அப்பா இரவு ஷிப்ட் முடித்து வந்து வாசலில் காத்திருந்தார்” என்று வேதியியல் ஆசிரியர் எழுதினால் அந்தப் பெண் கண்முன் நிற்கிறாள். ஆங்கிலம் சரளமாக வராது என்று ஆசிரியர் தயங்கினால், தமிழில் சொல்லச் சொல்லி, பள்ளியின் ஆங்கில ஆசிரியரைக் கொண்டு மொழிபெயர்த்து, சொன்னவரே படித்துப் பார்த்துக் கையெழுத்திடலாம். அதற்கு ஒரு மாத அவகாசமாவது கொடுத்துக் கேட்க வேண்டும். பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் நாட்களில் கேட்கக்கூடாது.