அலைவரிசையிலிருந்து புள்ளிகளுக்கு: சேதுக் கரையில் வீடியோ கேமும் திரையும்

இராமநாதபுரத்திற்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த ஊர் திருப்புல்லாணி. ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலாலும் அருகிலுள்ள சேதுக்கரையாலும் அறியப்படுவது. தொலைக்காட்சிப் படம் இந்தக் கரைக்கு முதலில் வந்தது சென்னையிலிருந்து அன்று, இலங்கையிலிருந்து. வீட்டில் ஒரு விளையாட்டுக் கருவியை எந்தத் திரையில், எந்தக் கம்பியால் இணைக்க முடியும் என்ற கேள்வியின் வரலாறும் அங்கிருந்தே தொடங்குகிறது.

கடல் கடந்து வந்த படம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் திருப்புல்லாணி சென்னையிலிருந்து நேர்கோட்டில் 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உள்ளது. அந்த நிலையத்தின் அலைகள் இங்கே எட்டவில்லை. 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையின் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முதன்மை ஒளிபரப்பி, அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான 2,524 மீட்டர் பிதுருதலாகலையில் நிறுவப்பட்டது. அவ்வளவு உயரத்திலிருந்து புறப்படும் அலைகூட சமதரையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வரைதான் தடையின்றிச் செல்லும். சேதுக்கரையோ 300 கிலோமீட்டருக்கு அப்பால். இருந்தும் படம் வந்தது. வெப்பமான கடலின் மேல் காற்று அடுக்கடுக்காகப் படியும்போது, அலை அந்த அடுக்குகளுக்கிடையே வளைந்து நெடுந்தொலைவு போகும். மன்னார் வளைகுடா அதற்கு ஏற்ற இடம். எனவே ஒரு நாள் தெளிவாகத் தெரிந்த படம் மறுநாள் வெறும் புள்ளி மழையாக இருக்கும். உயரமான குழாயில் கட்டி, தென்கிழக்கு நோக்கித் திருப்பி வைத்த ஆன்டெனாக்கள் இந்தக் கரையூர்களின் அடையாளமாயின.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரூபவாஹினி ஜப்பான் அரசின் நன்கொடையால் அமைந்த நிலையம். ஆனால் ஜப்பானின் 525 வரி முறையான என்டிஎஸ்சியை இலங்கை ஏற்கவில்லை. இந்தியா பயன்படுத்திய அதே 625 வரி பால் முறையை ஏற்றது. அதனால்தான் இந்தியப் பெட்டி ஒன்றை எந்த மாற்றமும் இன்றி இலங்கை ஒளிபரப்புக்குப் பயன்படுத்த முடிந்தது. பின்னர் இராமேசுவரத்தில் தூர்தர்ஷனுக்காக 323 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்தது.

ஆன்டெனாத் துளையில் விளையாட்டு

நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளியானது. அதன் மலிவான நகல்கள் 1990களில் 'டிவி கேம்' என்ற பெயரில் தமிழ்நாட்டுக் கடைகளுக்கு வந்தன. அக்காலப் பெட்டிகள் பலவற்றில் ஆன்டெனாவுக்கான துளை ஒன்றே இருந்தது. விளையாட்டுக் கருவி தன் படத்தை ஒரு சிறு ஒளிபரப்பு நிலையம் போல அலைவரிசையாக மாற்றி, அந்தத் துளை வழியே அனுப்பும். பெட்டியில் காலியாக உள்ள சேனல் ஒன்றைத் திருகிப் பிடிக்க வேண்டும். விளையாட வேண்டுமென்றால் ஆன்டெனா வயரைக் கழற்றியாக வேண்டும். படம் பார்ப்பவருக்கும் விளையாடுபவருக்கும் ஒரே வாசல்.

கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த மின்னணுப் பொருட்கள் பெரும்பாலும் சிக்கலின்றி இயங்கின. காரணம், அந்நாடுகளும் பால் முறையைப் பின்பற்றின. ஹாங்காங்கிற்கெனத் தயாரான கருவியில் படம் வரும், ஒலி வராது. அங்கே ஒலிக்கு 6 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, இந்தியாவில் 5.5. அமெரிக்க, ஜப்பானியக் கருவியானால் வண்ணமே போய்விடும். 'கேம் ரிப்பேர்' என்று திருப்பித் தரப்பட்ட எத்தனையோ கருவிகளில் பழுது ஏதும் இருந்திராது.

பழைய பெட்டியின் 'ரெசல்யூஷன்' என்ன என்று இன்று கேட்பது ஓரளவு தவறான கேள்வி. படக்குழாய்த் தொலைக்காட்சிக்கு எண்ணிச் சொல்லத்தக்க நிலையான புள்ளிகள் இல்லை, வரிகள் உண்டு. 625 வரிகளில் 576 வரிகளே படத்தைச் சுமந்தன. நொடிக்கு 25 முழுப் படங்கள், அதாவது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளுமாக 50 அரைப்படங்கள். ஃபேமிகாம் வரைந்தது 256×240 புள்ளிகள் மட்டுமே. அது ஒவ்வொரு அரைப்படத்தையும் ஒரே இடத்தில் வரைந்ததால் வரிகளுக்கிடையே மெல்லிய கருங்கோடு தெரியும். அந்தக் கோடும் குழாயின் ஒளிக்கசிவும் கரடான புள்ளிகளை மென்மையாக்கின. அக்கால விளையாட்டுகள் 'அழகாக இருந்தன' என்ற நினைவில் கொஞ்சம் உண்மை இருக்கவே செய்கிறது.

கணினித் திரை ஏன் மறுத்தது

1987இல் ஐபிஎம் அறிமுகம் செய்த விஜிஏ முறை 640×480 புள்ளிகளை நொடிக்கு 60 முறை வரைந்தது. தொலைக்காட்சியின் கணக்கு 625 × 25, அதாவது நொடிக்கு 15,625 வரிகள். விஜிஏவுக்கு ஏறத்தாழ 31,500. கணினித் திரை எதிர்பார்த்த வேகத்தில் பாதிதான் விளையாட்டுக் கருவி கொடுத்தது. கம்பியை எப்படி ஒட்டினாலும் படம் சிதறும், அல்லது திரை இருண்டே கிடக்கும். 2000களில் இதற்குக் கிடைத்த வழி 'டிவி டியூனர் பாக்ஸ்'. ஒவ்வொரு வரியையும் நினைவில் வைத்து இரட்டிப்பாக்கி அனுப்பும் சிறு பெட்டி அது. படம் பார்க்க அது போதும். விளையாட்டில் பொத்தானை அழுத்துவதற்கும் வீரன் குதிப்பதற்கும் இடையே ஒரு தாமதம் புகுந்துவிடும். 1998இல் வந்த சேகாவின் ட்ரீம்காஸ்ட் தன் பெரும்பாலான விளையாட்டுகளை நேரடியாகவே விஜிஏவில் தந்தது, அது விதிவிலக்கு.

இதற்கிடையே தமிழ்நாடு அரசு 2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டி சென்றது. அக்காலப் பெட்டிகளில் மஞ்சள், வெள்ளை நிற ஏவி துளைகள் இருப்பது வழக்கமாகியிருந்தது. ஆன்டெனா வயரைக் கழற்றும் வேலை அத்துடன் ஒழிந்தது.

மடிக்கணினியின் ஒருவழிப் பாதை

2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் புதியதொரு குழப்பத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது எனலாம். வீட்டில் ஒரு நல்ல திரை இருக்கிறது. அதன் பக்கத்தில் எச்டிஎம்ஐ துளையும் இருக்கிறது. விளையாட்டுக் கருவியின் கம்பி அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் படம் வருவதில்லை. வழக்கமான மடிக்கணினியின் எச்டிஎம்ஐ துளை படத்தை வெளியே அனுப்ப மட்டுமே ஆனது. உள்ளே வாங்க 'கேப்சர் கார்டு' என்ற தனிக் கருவி வேண்டும். மாணவர்கள் கம்பிமேல் கம்பியாக வாங்கிப் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான். மேசைக் கணினியின் மானிட்டர் அப்படியன்று. அதன் துளை வாங்குவதற்கானது.

எச்டிஎம்ஐ 2002 இறுதியில் அறிவிக்கப்பட்டது. 1999இல் வந்த டிவிஐயும் அதுவும் படத்தைப் பொறுத்தவரை ஒரே மொழி பேசுபவை. எளிய மாற்றி ஒன்று போதும். டிவிஐ மானிட்டரில் ஒலி மட்டும் வராது. ஆனாலும் 2006இல் வெளியான பிளேஸ்டேஷன் 3 பல பழைய டிவிஐ மானிட்டர்களில் கருந்திரையையே காட்டியது. நகலெடுப்பைத் தடுக்கும் எச்டிசிபி பூட்டுக்கு அந்த மானிட்டர்களிடம் சாவி இல்லை. முந்தைய ஆண்டு வந்த எக்ஸ்பாக்ஸ் 360க்கு விஜிஏ கம்பியே தனியாகக் கிடைத்ததால், பழைய மானிட்டர் வைத்திருந்தவர்களுக்கு அது வசதியாக அமைந்தது.

புள்ளிக் கணக்கு

தட்டைத் திரை வந்தபின் புள்ளிகள் உண்மையிலேயே எண்ணத்தக்கவை ஆயின. 1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 4கே எனப்படும் 3840×2160 அதைப்போல் சரியாக நான்கு மடங்கு. கருவி அனுப்பும் அளவும் திரையின் அளவும் ஒன்றானால் படம் கூர்மையாக இருக்கும். முழு எண் மடங்கானாலும் பெரிய இழப்பில்லை: 1080 வரியை 2160 ஆக்க ஒரு புள்ளியை நான்காக விரித்தால் போதும். சிக்கல் இடைப்பட்ட அளவுகளில். ஃபேமிகாமின் 240 வரிகளை 1080 வரித் திரையில் நிரப்ப ஒவ்வொரு வரியும் நான்கரை வரியாக வேண்டும். அரை வரி என்று ஒன்று கிடையாது; எனவே சில வரிகள் தடித்தும் சில மெலிந்தும் போகின்றன, அல்லது எல்லாம் மங்குகின்றன. 4:3 படத்தை 16:9 திரை முழுவதும் இழுத்து வைப்பதால் உருவங்கள் குட்டையாகத் தெரிவது வேறு.

மானிட்டருக்கும் தொலைக்காட்சிக்கும் இடையிலான பழைய பிணக்கு எச்டிஎம்ஐயுடன் முடிந்துவிடவில்லை. 2560×1440 என்பது கணினி மேசைக்கே உரிய அளவு. தொலைக்காட்சிகள் அதைக் கைக்கொள்ளவில்லை. 2020 நவம்பரில் வெளியாகி 2021 பிப்ரவரி 2 அன்று இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 தொலைக்காட்சியை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. அத்தகைய மானிட்டரில் அதை இணைத்தவர்கள் 1080 வரிப் படத்தை ஒன்றேகால் மடங்குக்கும் மேலாக நீட்டி மங்கலாகப் பார்க்க நேர்ந்தது. 2022 செப்டம்பரில் வந்த மென்பொருள் மேம்பாட்டில்தான் சோனி 1440 வரிகளைச் சேர்த்தது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் வரிசையில் அதை 2018லேயே கொடுத்திருந்தது.