பாமாவும் ஏழு மாதத் தடையும்

ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட '1984' நாவலில், எல்லாவற்றையும் கண்காணிக்கும் அரசை வின்ஸ்டன் எதிர்க்கத் தொடங்குவது ஒளிந்து எழுதும் நாட்குறிப்பால்தான். கடைசியில் அவன் நொறுக்கப்படுகிறான்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது வெறும் கதை அல்ல. வத்திராயிருப்புக்குப் பக்கத்துப் புதுப்பட்டியில் 1958-இல் பிறந்தவர் எழுத்தாளர் பாமா. ஏழைத் தலித் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கேயும் சாதி இருந்தது. ஏழாண்டுகளுக்குப் பின் வேலையும் காசும் இல்லாமல் வெளியேறினார். அந்த நிலையில் எழுதியதுதான் 1992-இல் வெளிவந்த 'கருக்கு'. பனைமட்டையின் இருபக்கமும் அறுக்கும் பற்களே கருக்கு.

திருச்சபைக்குள் இருக்கும் சாதியை அந்த நூல் வெளிப்படையாகச் சொன்னது. சேரிப் பேச்சிலேயே சொன்னதால் இது இலக்கியமா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அதைவிடக் கடினமானது சொந்த சனத்தின் கோபம். தங்கள் வாழ்க்கையை ஊரறியச் சொல்லி அவமானப்படுத்திவிட்டதாக நினைத்தார்கள். ஏழு மாதம் அவரை ஊருக்குள் விடவில்லை. பாமா நூலைத் திரும்பப் பெறவில்லை. 1994-இல் 'சங்கதி'யும் எழுதினார். பின்னர் சனமும் புரிந்துகொண்டது. 2000-இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் 'கருக்கு' ஆங்கிலத்துக்கும் போனது.

வின்ஸ்டனின் குறிப்பை வாசித்துத் துணைநிற்க ஆளில்லை. பாமாவுக்கு வாசகர்கள் கிடைத்தார்கள். அதுதான் வித்தியாசம்.

நம்மை எதிர்ப்பவர் எல்லாரும் ஒன்றல்ல. சாதியைக் காக்க எதிர்ப்பவரோடு போராடுவோம். காயப்பட்டு எதிர்க்கும் நம் சனத்தோடு உட்கார்ந்து பேசுவோம். இரண்டு இடத்திலும் உண்மையை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.