சொத்தை எங்கே போகிறது?

மணியாச்சி ஜங்ஷனில் வண்டி நின்றால் கடலை மிட்டாய் வாங்காமல் எனக்கு இருப்பு கொள்ளாது. 1911இல் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்ட ஸ்டேஷன். அது நினைவுக்கு வருவதற்குள் கை பாக்கெட்டைப் பிரித்திருக்கும். ஒருமுறை மூன்றாவது கடியிலேயே கசந்தது. "சொத்தையாப்பா? துப்பிரு" என்றார் எதிர் சீட்டுப் பாட்டி. துப்பினேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

உலகமும் 1960 வரை அப்படித்தான் நினைத்திருந்தது. அந்த வருஷம் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. நோய்க்குப் பெயர்கூட வைக்க முடியாமல் 'எக்ஸ்' என்றார்கள். கடைசியில் தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றது விசாரணை. அதில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரைச் சுருக்கி, நஞ்சுக்கு 'அஃப்ளடாக்சின்' என்று பெயரிட்டார்கள். புற ஊதா விளக்கில் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிரும். வாயில் வைத்தால் ருசி கிடையாது. சொத்தையின் கசப்பு எண்ணெய் சிக்கடித்த கசப்பு, நஞ்சு கசப்பதில்லை. கசந்ததால்தான் துப்பினேன். கசக்காததையெல்லாம் தின்றுவிட்டேனே!

நம் பக்கம் இந்தச் செய்தி வந்த நேரம் பொல்லாதது. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கடலை மாவு, புரதம் இல்லாமல் மெலிந்த பிள்ளைகளைக் காப்பாற்றும் என்று நாடே நம்பிக்கொண்டிருந்த காலம். மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் கடலை மாவையும் கடலைப்பருப்பு மாவையும் சேர்த்துச் சத்துணவே செய்திருந்தது. அதே மைசூரில், சத்துக்குறைவால் படுத்த சுமார் இருபது குழந்தைகளுக்குக் கொடுத்த கடலை மாவில் கிலோவுக்கு 300 மைக்ரோகிராம் நஞ்சு இருந்தது. சில நாள் முதல் ஒரு மாதம் வரை உண்டார்கள். ஈரல் கெட்டது. 1971இல் வந்த மருத்துவக் கட்டுரையின் தலைப்பிலேயே 'சிரோசிஸ்' என்ற சொல் இருக்கிறது. அன்போடு ஊட்டிய உணவு என்பதுதான் இதில் என்னால் தாண்ட முடியாத இடம்.

அதற்கு முன்பே, 1966இல், ஐ.நா. அமைப்புகளின் புரத ஆலோசனைக் குழு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்று ஒரு வரம்பு வைத்திருந்தது. பாதுகாப்பான அளவு என்று அல்ல; இதைவிடக் குறைத்தால் பசித்த பிள்ளைக்குக் கொடுக்க மாவே இருக்காது என்று. நம் சட்டத்திலும் நெடுங்காலம் அந்த 30தான். இன்று நேரடியாகத் தின்னும் கடலைக்கு 10. ஐரோப்பாவில் 4.

பூஞ்சை ஆலையில் பிறப்பதில்லை, மண்ணில் இருக்கிறது. மானாவாரிக் கடலை காய் பிடிக்கும் சமயத்தில் மழை பொய்த்தால் மண் சூடேறும். வாடுகிற பருப்பு தன் எதிர்ப்புச் சக்தியை இழக்கும். பூஞ்சை உள்ளே போய்விடும். மழை பொய்ப்பது கோவில்பட்டி வட்டாரத்துக்குப் புதுசா என்ன? அறுத்தபின் சரியாகக் காயாமல் மூட்டை கட்டினால் மிச்சமும் கெடும்.

2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. வறுக்கிறார்கள், கொதிக்கும் பாகில் கொட்டுகிறார்கள். பாக்டீரியாக்கள் அதில் செத்துப்போகும். பிறகு பலகை, கத்தி, கை வழியாகத்தான் திரும்ப வர வேண்டும். அது லேசான விஷயமில்லை: 2008-09இல் அமெரிக்காவில் ஒரு கடலை நிறுவனத்தின் பண்டங்களில் இருந்த சால்மோனெல்லா ஒன்பது பேரைக் கொன்றது, முதலாளிக்கு 28 வருஷம் சிறை. ஆனால் பூஞ்சை நஞ்சு வேறு ஜாதி. வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. அதை வெளியே எடுக்க எனக்குத் தெரிந்து மிகப் பழைய வழி, சுருங்கியதையும் நிறம் மாறியதையும் விரலால் பொறுக்குவது. நஞ்சின் பெரும்பங்கு அந்தச் சில பருப்புகளில்தான் இருக்கும்.

அப்படிப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் கேட்டேன். "இந்தச் சொத்தையெல்லாம் எங்கக்கா போகும்?"

"எங்க போகும், எண்ணெய்க்குத்தான். புண்ணாக்கு மாட்டுக்கு."

எண்ணெய் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். மாடு தின்றால், உருமாறி, எம்1 என்ற பெயரில் பாலில் வரும். 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368இல் எம்1 வரம்பை மீறியிருந்தது. தீவனம்தான் காரணம் என்றார்கள். புண்ணாக்கு மட்டுமில்லை, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் எல்லாம் அதில் உண்டு. மீறிய மாதிரிகள் அதிகம் இருந்தது தமிழ்நாட்டில்: 551இல் 88.

அந்த அக்கா முறத்தில் இன்னொரு படி கடலையைக் கொட்டிக்கொண்டார். பக்கத்தில் ஆறிப்போன பால் டீ.