காற்றுத் துப்பாக்கிக் குண்டு

காற்றுத் துப்பாக்கிக் குண்டு என்பது அழுத்தப்பட்ட காற்றின் அல்லது வளிமத்தின் விசையால் சுடப்படும் சிறிய உலோகக் குண்டு ஆகும். இது பெரும்பாலும் ஈயத்தால் செய்யப்படுகிறது. இதற்கு வெடிமருந்தோ தோட்டா உறையோ கிடையாது. இந்தியாவில் கடைகளிலும் சுடுதளங்களிலும் இது பெல்லட் என்றே அழைக்கப்படுகிறது. மெரினா கடற்கரையிலும் கோயில் திருவிழாக்களிலும் பலூன் சுடப் பயன்படும் குண்டும், ஒலிம்பிக் போட்டியில் 10 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கைச் சுடப் பயன்படும் குண்டும் அடிப்படையில் ஒன்றே. உருவாக்கத்தின் துல்லியத்திலும், குறிப்பிட்ட துப்பாக்கிக் குழலுக்கு அவை பொருந்தும் தன்மையிலுமே அவை வேறுபடுகின்றன.

எல்லாத் துப்பாக்கிகளுக்கும் சிறந்தது என்று சொல்லத்தக்க குண்டு எதுவும் இல்லை. ஒரு துப்பாக்கியில் மிகத் துல்லியமாகச் செல்லும் குண்டு, அதே நிறுவனம் செய்த அதே வகையைச் சேர்ந்த மற்றொரு துப்பாக்கியில் சிதறிச் செல்லக்கூடும். எனவே குண்டைத் தெரிவு செய்வது என்பது விலையையோ பெயரையோ பார்த்து வாங்குவதன்று; சுட்டுப் பார்த்து அறிவதாகும்.

பெயர்க் குழப்பம்

பெல்லட் என்ற சொல் வேறு சில பொருள்களையும் குறிக்கும். 2010 முதல் காசுமீரில் கூட்டத்தைக் கலைக்கப் பயன்படுத்தப்பட்டுப் பலரது பார்வையைப் பறித்த பெல்லட் துப்பாக்கி, வெடிமருந்தால் இயங்கும் 12 போர் வகைத் துப்பாக்கியாகும். அதன் ஒரே தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள் சிதறும். இக்கட்டுரை கூறும் குண்டு அதுவன்று. அவ்வாறே தமிழக நாளிதழ்களில் பால்ரஸ் எனக் குறிப்பிடப்படும் உருண்டைக் குண்டுகளும் வேறானவை.

அமைப்பு

இன்று பெருவழக்கில் உள்ள குண்டு உடுக்கையின் வடிவை ஒத்தது. இரு முனைகளும் அகன்றும் நடுப்பகுதி ஒடுங்கியும் இருக்கும். இதில் மூன்று பகுதிகள் உள்ளன.

தலை: முன்பகுதி. இது கெட்டியானது. குழலின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டு குண்டை நேராக நிறுத்துகிறது.

இடை: ஒடுங்கிய நடுப்பகுதி. இது குழலைத் தொடுவதில்லை. ஆதலால் உராய்வு குறைகிறது.

பாவாடை: உள்ளீடற்ற, மெல்லிய பின்பகுதி. சுடும்போது பின்னிருந்து வரும் காற்றழுத்தம் இதனை விரியச் செய்கிறது. விரிந்த விளிம்பு குழலை அடைத்துக் காற்றுக் கசிவைத் தடுக்கிறது.

குழலின் உட்புறத்தில் திருகு போல் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் உள்ளன. ஈயம் மென்மையானது ஆதலால் குண்டு இப்பள்ளங்களில் பதிந்து, சுழன்றவாறே வெளியேறுகிறது. சுழற்சி குண்டின் திசையை நிலைப்படுத்துகிறது. குண்டின் எடை முன்பக்கம் மிகுந்திருப்பதால், இறகுப்பந்து தலை முன்னாகப் பறப்பதைப் போலக் காற்றின் தடையும் அதனை நேராக்குகிறது.

எஃகினால் ஆன உருண்டைக் குண்டுகள் வரிப்பள்ளங்களில் பதியா. அவற்றைத் தேய்த்துக் கெடுக்கும். அவற்றுக்கென்றே செய்யப்பட்ட, வரிப்பள்ளம் இல்லாத குழல்களில் மட்டுமே அவற்றைப் பயன்படுத்தவேண்டும்.

தலை வடிவங்கள்

தட்டைத் தலை: தாளில் வட்டமான, ஓரம் கிழியாத துளையை உண்டாக்கும். புள்ளிகளைக் கணக்கிட இது எளிது என்பதால் 10 மீட்டர் போட்டிகளில் இதுவே பயன்படுகிறது. காற்றுத்தடை மிகுதி ஆதலால் தொலைவு கூடக்கூட இதன் துல்லியம் குறையும்.

உருண்டைத் தலை: காற்றுத்தடை குறைவு. 25 முதல் 50 மீட்டர் வரையிலான இலக்குகளுக்கு ஏற்றது.

கூர்த் தலை: பார்வைக்குக் கவர்ச்சியானது. கூர்முனை சரியாக மையத்தில் அமைவது கடினம். கையாளும்போது எளிதில் மழுங்கும். எனவே இலக்குச் சுடுதலுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

குழித் தலை: முன்பகுதியில் குழி உள்ளது. உயிரினங்களைச் சுடுவதற்காக வெளிநாடுகளில் விற்கப்படுவது. தாள் இலக்குகளுக்கு இதனால் தனிப்பட்ட பயன் இல்லை.

விட்டம்

போட்டிகளில் பயன்படுவது 4.5 மில்லிமீட்டர் (0.177 அங்குலம்) குண்டு ஆகும். 5.5 மில்லிமீட்டர் (0.22 அங்குலம்) போன்ற பெரிய அளவுகளும் உள்ளன. ஒரு குழலுக்கான குண்டு மற்றொரு அளவுக் குழலுக்குப் பொருந்தாது.

4.5 என்பது பெயரளவே. போட்டிக்கான குண்டுகள் 4.49, 4.50, 4.51, 4.52 எனத் தலை விட்டம் குறிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. இவற்றுக்கிடையிலான வேறுபாடு 0.01 மில்லிமீட்டர் ஆகும். மேனிலைப் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் உள்ள திருகு அளவியின் மீச்சிற்றளவும் இதுவே. ஆயினும் திருகு அளவியால் குண்டை அளப்பதில் பயனில்லை; திருகின் அழுத்தத்திலேயே ஈயம் நசுங்கிவிடும். தலை சிறிதாயின் குண்டு குழலுக்குள் சற்றே சாய்ந்து செல்லும். பெரிதாயின் உராய்வு மிகுந்து வேகம் மாறுபடும்.

எடையும் வேகமும்

குண்டின் எடை கிராமிலோ கிரெய்ன் என்னும் அலகிலோ குறிக்கப்படும். 1 கிரெய்ன் என்பது ஏறத்தாழ 0.065 கிராம் ஆகும். போட்டிக்கான காற்றுத் துப்பாக்கி குண்டுக்கு ஏறத்தாழ 8 ஜூல் ஆற்றலை அளிக்கிறது எனக் கொண்டால், எடைக்கு ஏற்பக் கிடைக்கும் வேகமும், 10 மீட்டரில் புவியீர்ப்பால் குண்டு தாழும் அளவும் பின்வருமாறு அமையும். இக்கணக்கில் காற்றுத்தடை சேர்க்கப்படவில்லை.

0.49 கிராம்: நொடிக்கு 181 மீட்டர், தாழ்வு 15.0 மில்லிமீட்டர்
0.53 கிராம்: நொடிக்கு 174 மீட்டர், தாழ்வு 16.2 மில்லிமீட்டர்
0.67 கிராம்: நொடிக்கு 155 மீட்டர், தாழ்வு 20.5 மில்லிமீட்டர்

தாழ்வு தன்னளவில் குறையன்று. எப்போதும் ஒரே அளவு தாழ்ந்தால் குறிபார்க்கும் கருவியைத் திருத்தி அதனைச் சரிசெய்துவிடலாம். வேகம் குண்டுக்குக் குண்டு மாறுவதே சிக்கல். வேகம் ஒரு விழுக்காடு குறைந்தால் தாழ்வு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் கூடும். எனவே ஒரே பெட்டியில் உள்ள குண்டுகளின் எடையும் வடிவமும் ஒத்திருத்தல் இன்றியமையாதது.

மிக இலேசான குண்டுகள் மிகுந்த வேகத்தைத் தரும் என விளம்பரம் செய்யப்படுவதுண்டு. ஆற்றல் மிக்க துப்பாக்கியில் அவற்றின் வேகம் ஒலியின் வேகத்தை (நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்) நெருங்கும்போது குண்டு நிலைகுலைகிறது. வேகம் வேறு, துல்லியம் வேறு.

தெரிவு செய்யும் முறை

1. பயன்பாட்டை முடிவு செய்க. 10 மீட்டர் தாள் இலக்குக்குத் தட்டைத் தலையே போதுமானது.

2. துப்பாக்கிக்கு ஏற்ற எடையைத் தெரிவு செய்க. 10 மீட்டர் போட்டித் துப்பாக்கிக்கு 0.53 கிராம் எடையில் தொடங்குவது வழக்கம். கைத்துப்பாக்கிக்கு அதனினும் இலேசானவை பயன்படுகின்றன. சுருள்வில்லால் இயங்கும் துப்பாக்கியில் மிக இலேசான குண்டுகளையும் மிகக் கனத்தவற்றையும் தவிர்ப்பது நன்று.

3. மூன்று அல்லது நான்கு வகைக் குண்டுகளைச் சிறு அளவில் வாங்குக. இயன்றால் வெவ்வேறு தலை விட்டங்களில் வாங்குக.

4. துப்பாக்கியை அசையாதவாறு தாங்கியில் பொருத்தி, ஒவ்வொரு வகையிலும் பத்துக் குண்டுகளை ஒரே புள்ளியை நோக்கிச் சுடுக. வகையை மாற்றும்போது முதலில் சுடும் சில குண்டுகளைக் கணக்கில் கொள்ளவேண்டா. குழல் புதிய குண்டுக்குப் பழகச் சிறிது நேரம் ஆகும்.

5. துளைத்தொகுதியின் அகலத்தை ஒப்பிடுக. தொகுதி இலக்கின் மையத்தில் அமைந்துள்ளதா என்பதன்று, எவ்வளவு நெருங்கி அமைந்துள்ளது என்பதே கேள்வி. மூன்று குண்டுகளை மட்டும் சுட்டு முடிவுக்கு வருதல் தவறு. தற்செயலாகவும் மூன்று துளைகள் ஒன்றிவிடும்.

6. சிறந்த தொகுதியைத் தந்த பெட்டியின் ஆக்கத் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள பெட்டிகளை வாங்குக. அச்சு தேயத்தேய, ஒரே பெயரில் வரும் குண்டுகளும் தொகுதிக்குத் தொகுதி மாறுபடும்.

புதிதாகப் பழகுவோருக்கு இத்தனை சோதனைகள் தேவையில்லை. கை நடுக்கத்தால் துளைகள் இரண்டு அங்குலம் சிதறும் நிலையில் குண்டின் வேறுபாடு வெளிப்படாது. அவர்கள் நடுத்தர விலையுள்ள ஒரே வகையைத் தொடர்ந்து பயன்படுத்துவதே நன்று.

போட்டிகளில்

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி இலக்கின் பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளியாகும். குண்டின் விளிம்பு அப்புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைக்கும். மையத்தை நெருங்கும் ஒவ்வொரு 0.25 மில்லிமீட்டருக்கும் 0.1 புள்ளி கூடி 10.9 வரை உயரும். மேற்கண்ட ஒரு விழுக்காடு வேக மாற்றம் ஒரு பதின்மப் புள்ளியைப் பறிக்கப் போதுமானது என்பது இதிலிருந்து விளங்கும்.

2008 பெய்சிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 700.5 புள்ளிகள் பெற்று, தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் தங்கப் பதக்கத்தை இப்பிரிவிலேயே வென்றார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் ககன் நாரங் 701.1 புள்ளிகளுடன் வெண்கலம் பெற்றார். தங்கம் வென்றவர் பெற்றது 702.1.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 இல் ரியோ டி செனீரோவில் நடைபெற்ற உலகக் கோப்பையில் இப்பிரிவில் தங்கம் வென்றார். 2024 பாரிசு ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் அவர் 630.7 புள்ளிகளுடன் பத்தாம் இடம் பெற்று, எட்டுப் பேருக்கு மட்டுமான இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். அதே சுற்றில் 631.5 புள்ளிகள் பெற்ற இரமிதா சிந்தால் ஐந்தாம் இடத்தில் தகுதி பெற்றார். அறுபது முறை சுட்டதில் இருவருக்கும் இடையிலான வேறுபாடு 0.8 புள்ளி, அறுபது குண்டுகளின் விலகலையும் கூட்டினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். முன்னணி வீரர்கள் தம் துப்பாக்கிக் குழலுக்கென ஆக்கத் தொகுதிகளைச் சோதித்து வாங்குவதன் காரணம் இதுவே.

இந்தியச் சட்டம்

2016 ஆம் ஆண்டின் படைக்கலன் விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மிகுந்த அல்லது ஆற்றல் 20 ஜூலுக்கு மிகுந்த காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவை. இவ்வரம்புகளுக்கு உட்பட்டவற்றுக்கு உரிமம் தேவையில்லை. எனவே உரிமம் இல்லாத இந்தியர் ஒருவருக்குக் குண்டின் விட்டத்தைத் தெரிவு செய்யும் வாய்ப்பில்லை. அதனைச் சட்டமே முடிவு செய்துவிடுகிறது. ஒலிம்பிக் போட்டித் துப்பாக்கிகளின் ஆற்றல் இந்த 20 ஜூல் வரம்பில் பாதிக்கும் குறைவு என்பது கருதத்தக்கது.

காட்டுயிர்களும் காற்றுத் துப்பாக்கியும்

உரிமம் தேவையில்லை என்பதை வேட்டைக்கான அனுமதி எனக் கொள்வது பரவலான பிழை. 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் விலங்கையோ பறவையையோ எந்தக் கருவியால் கொன்றாலும் குற்றமே. மயில் இச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. காப்புக்காடுகளுக்குள் சுடுவதை 1882 ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் தடை செய்கிறது.

காடும் வயலும் தொழிற்சாலையும் நெருங்கியுள்ள பகுதிகளில் இது நடைமுறைச் சிக்கலாகிறது. கர்நாடக எல்லையை ஒட்டி, ஓசூர்–கிருட்டிணகிரி நெடுஞ்சாலையருகே உள்ள சானமாவு காப்புக்காடு இதற்கு எடுத்துக்காட்டு. அங்கு வந்து தங்கும் யானைக் கூட்டங்கள் சுற்றுப்புறச் சிற்றூர்களின் கேழ்வரகு வயல்களில் இறங்குகின்றன. பயிரைக் காக்கக் காற்றுத் துப்பாக்கி உதவும் என எண்ணுவது தவறு. அரைக் கிராம் ஈயக் குண்டு காட்டுப்பன்றியையோ யானையையோ விரட்டாது. தோலுக்கடியில் தங்கிப் புண்ணை உண்டாக்கி, விலங்கை மூர்க்கமாக்கக்கூடும். சுட்டவருக்கும் அடுத்து அவ்வழியே வருபவருக்கும் அதனால் ஆபத்து.

பறவைகளுக்கு இத்துப்பாக்கி விளைக்கும் கேட்டை உணர்ந்து, அருணாசலப் பிரதேச அரசு 2021 மார்ச்சில் காற்றுத் துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. ஊர் மக்கள் பலர் தம் துப்பாக்கிகளை ஒப்படைத்தனர்.

பாதுகாப்பு

இது விளையாட்டுப் பொருளன்று. 8 ஜூல் ஆற்றலுள்ள குண்டும் கண்ணைப் பறிக்கும். சுடுபவரும் அருகில் நிற்பவரும் கண்காப்பு அணியவேண்டும்.

இலக்கின் பின்னே குண்டைத் தாங்கி நிறுத்தும் பெட்டி இருக்கவேண்டும். சுவர், பாறை, இரும்புத் தகடு ஆகியவற்றில் பட்ட குண்டு திரும்பி வரும்.

ஈயம் நச்சுத்தன்மை உடையது; குழந்தைகளுக்கு மிகுந்த கேடு விளைக்கும். குண்டுகளை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் கூடாது. சுட்டு முடித்தபின் சோப்பால் கை கழுவவேண்டும்.

சுட்ட குண்டை மீண்டும் பயன்படுத்தலாகாது. கீழே விழுந்து பாவாடை நெளிந்த குண்டையும், வெண்பொடி படிந்த பழைய குண்டையும் ஒதுக்கவேண்டும்.

இவற்றையும் பார்க்க

துப்பாக்கி சுடுதல் (விளையாட்டு)
அபினவ் பிந்த்ரா
இளவேனில் வாலறிவன்
ஈய நச்சேற்றம்
சானமாவு