வானத்தின் எல்லைகள் – 17: மலாக்கா நீரிணையில் மறிக்கப்பட்ட கான்கார்ட்

மலேசியா–சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1972 அக்டோபர் 1 அன்று இரண்டாகப் பிரிந்தது முதல் கோலாலம்பூர்–சிங்கப்பூர் வழித்தடத்தில் மலேசிய விமான நிறுவனமான மாஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் செலுத்திவந்த ஆதிக்கம், 2008 பிப்ரவரி 1-இல் ஏர் ஆசியாவும் டைகர் ஏர்வேஸும் அனுமதிக்கப்பட்டபோது தளர்ந்தது என்பதே இவ்வாரம் விரிவாகக் கூறப்படவிருந்த திருப்பமாகும். ஆயினும், மலேசியா தன் வான்வெளியின் விலையை உலகுக்கு உணர்த்திய கான்கார்ட் விவகாரத்தைச் சொல்லாமல் அங்கே போய்ச் சேர இயலாது.

ஒவ்வொரு நாடும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்வெளியின் முழு உரிமையாளர் என 1944-ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை முதல் பிரிவிலேயே கூறுகிறது. அட்டவணைப்படி பறக்கும் அயல்நாட்டு விமானம் அந்நாட்டின் தனி அனுமதி பெற வேண்டும் என ஆறாம் பிரிவு விதிக்கிறது. எந்த நிறுவனம், எந்த நகருக்கு, வாரம் எத்தனை முறை பறக்கலாம் என இரு அரசுகள் பேரம் பேசி எழுதிக்கொள்ளும் விமானச் சேவை ஒப்பந்தம் இதிலிருந்தே பிறக்கிறது.

பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் இணைந்து கான்கார்ட் விமானத்தைக் கொண்டு லண்டன்–பஹ்ரைன்–சிங்கப்பூர் சேவையை 1977 டிசம்பர் 9 அன்று தொடங்கின. ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தில் சுமார் நூறு பயணிகளைச் சுமந்து சென்ற அவ்விமானத்தின் இடப்பக்கம் சிங்கப்பூர் நிறுவனத்தின் வண்ணமும் வலப்பக்கம் பிரிட்டிஷ் நிறுவனத்தின் வண்ணமும் தீட்டப்பட்டிருந்தன. மனிதன் படைத்த ஊர்திகளுள் இத்தனை அழகியது வேறில்லை. எனினும் அழகு அனுமதிச்சீட்டாகாது. மூன்றே சுற்றுப் பயணங்கள் முடிந்த நிலையில், மலாக்கா நீரிணையின் மீது ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறப்பதற்கு மலேசியா தடை விதிக்க, சேவை நின்றது.

ஒலி வெடிப்பால் விளையும் சுற்றுச்சூழல் பாதிப்பே காரணமாகச் சொல்லப்பட்டது. லண்டனுக்கு மாஸ் கூடுதலாகப் பறக்கும் உரிமை குறித்த இழுபறியும் அதனுடன் பிணைந்திருந்தது. இதனைச் சிறுநாட்டின் மிரட்டல் எனப் பழிப்பது அநீதி. 1957 வரை மலாயாவின் வான் உரிமைகளை லண்டனே பேசித் தீர்த்துவந்தது; தன் புதிய விமானம் பறக்க வழி கேட்ட பிரிட்டன், மலேசிய விமானத்துக்கு வழிவிடத் தயங்கியதில் பழைய எசமானின் மனப்பான்மையே தெரிகிறது. கோலாலம்பூரின் பேச்சுவார்த்தையாளர்கள் கையிலிருந்த ஒரே வலுவான சீட்டைத் தக்க நேரத்தில் இறக்கினர்.

ஓராண்டுக்கும் மேல் நீடித்த முட்டுக்கட்டை தீர்ந்து, 1979 ஜனவரி 24 அன்று கான்கார்ட் மீண்டும் சிங்கப்பூருக்குப் பறந்தது. போதிய பயணிகளின்றி நட்டம் பெருகவே, 1980 நவம்பர் 1-இல் அச்சேவை முற்றாகக் கைவிடப்பட்டது. 2008-இன் திருப்பம் அடுத்த இதழுக்கு ஒத்திவைக்கப்படுகிறது.