யானைக்குட்டிக்குத் தடை போட்டது யார்?

வழக்கு வந்தது அக்கா மகளின் நான்காம் வகுப்பு விடைத்தாளில். 'ஆட்டுக்குட்டி' சரி, 'யானைக்குட்டி' தவறு, பக்கத்தில் சிவப்பு மையில் 'யானைக்கன்று'. "ஏன் மாமா தப்பு?" என்றாள். மரபு என்று சொல்லி நழுவியிருக்கலாம். யார் வகுத்த மரபு என்று தேடப்போனேன்.

முதல் தடயம் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலான மரபியலில் கிடைத்தது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப் பெயர்கள் 9. அதில் 'குட்டி'க்கு முதல் உரிமை கீரி, வெருகு என்னும் காட்டுப்பூனை, எலி, அணில் நான்குக்கும்தான். கிளையில் வாழும் குரங்குக்கும் உண்டு. நாய், பன்றி, புலி, முயல், நரிக்குக் குருளை. குட்டி என்றாலும் விலக்கில்லை. பிள்ளை என்றும் சொல்லலாம், நாயை மட்டும் கூடாது. (நாய் வளர்ப்பவர்களிடம் இன்று இதைச் சொல்லிப் பாருங்கள்!) யானைக்குக் கன்று, குழவி. ஆசிரியர் கட்சி பலமாகத்தான் இருந்தது.

ஆட்டைத் தேடியபோது வழக்கு திரும்பிவிட்டது. ஆட்டின் இளமைப் பெயர் மறி. குட்டி என்ற பேச்சே அங்கில்லை! அதாவது, இலக்கணப்படி பார்த்தால் அந்தத் தாளில் இரண்டுமே தவறு.

1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் புரட்டினேன். அதற்குள் குட்டி எல்லை தாண்டியிருந்தது: விலங்கின் இளமை, சிறுமி, சிறுமை. மலையாளத்தில் மனிதக் குழந்தையே குட்டிதான்.

நம் வாயிலோ அது எதையும் விட்டுவைக்கவில்லை. வட்டி குட்டி போடுகிறது. நோட்டுக்குள் வைத்த மயிலிறகும் குட்டி போடும் என்று காத்திருந்தோமே, இலக்கணப்படி பறவைக்குப் பார்ப்போ பிள்ளையோ அல்லவா வரவேண்டும்? குட்டிக்கு முதல் உரிமை பெற்ற கீரியோ, பல்லெல்லாம் முளைத்து வளர்ந்த பிறகும் 'கீரிப்பிள்ளை'யாகவே திரிகிறது.

தாளோடு வீடு திரும்பும்போது தெருமுனையில் செங்கல் ஏற்றிய சின்ன லோடு வண்டி ஒன்று நின்றது. "குட்டியானை வந்திருக்கு, வழி விடுங்க" என்று யாரோ கத்தினார். யாரும் திருத்தவில்லை.

ஆட்டுக்கு மார்க் போட்டவர் யானைக்கும் போட வேண்டும்.